நூற்றுப் பதினாலாம் நம்பரின் கம்பளி

எங்கள் துரைக்கு இரண்டு நாட்டிலும் ஓட்டு இல்லை. இங்கிலாந்தை விட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டதால் அங்கே இல்லை. இலங்கைக்காரர் இல்லை என்பதால் இங்கேயும் இல்லை. ஆனால் இரண்டு நாட்டு அரசாங்கத்தைப் பற்றியும் அவரிடம் அபிப்பிராயம் மட்டும் மூட்டை மூட்டையாக இருந்தது. அந்த மூட்டையை வாரத்துக்கு ஒரு தடவை கட்டித் தபாலில் போடுகிற வேலை என்னுடையது.

என் பெயர் அழகுமுத்து. கொத்மலைப் பக்கம் ஊசிமலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிளாக்கர். அப்பா அதே தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினவர். கூலி ஆட்களின் லயத்தில் பிறந்தவன் ஆபீசுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று தோட்டத்து ஆட்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமை. எனக்கு என்னைப் பற்றி அதைவிட நிறையவே இருந்தது. இங்கே நான் சொல்லப்போகிற கெடுதலுக்கெல்லாம் காரணம் அதுதான். வேறு யார் மேலும் பழி போட முடியாது. போட்டும் பார்த்தேன், அதையும் சொல்கிறேன்.

துரையின் பெயர் விட்கம். இங்கிலாந்தின் மேற்கே அவருடைய சின்ன டவுனில் வாராவாரம் ஒரு பத்திரிகை வரும். அதில் "தேயிலை மலையிலிருந்து" என்று அவர் ஒரு பக்கம் எழுதுவார். புதன்கிழமை மத்தியானம் பங்களா விறாந்தையில் பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். வியாழக்கிழமை அது நானுஓயா தபாலில் போகும். ஒன்றரை மாதத்துக்குள் அச்சடித்த பத்திரிகை திரும்பி வந்துவிடும். வந்ததும் துரையின் பக்கத்தை வெட்டி ஒரு பச்சை ஆல்பத்தில் ஒட்டி வைப்பதும் நான்தான்.

நன்றாகவே எழுதுவார். யுத்தம் முடிந்து பல வருஷமாகியும் இங்கிலாந்தில் தேயிலை ரேஷனில்தான் கிடைத்தது. "நான் வருஷத்துக்கு இரண்டு லட்சம் இறாத்தல் தேயிலையைக் கப்பலேற்றுகிறேன். என் அக்காவுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் கிடைக்கிறது. மீதியை மந்திரிசபைதான் குடிக்கிறது போலிருக்கிறது, அவர்களுக்கு ஏன் தூக்கம் வருவதில்லை என்பது இப்போது புரிகிறது" என்று எழுதினார். தொழிற்கட்சி அரசாங்கம் எல்லோருக்கும் இலவசமாகப் பல் கட்டிக் கொடுத்தபோது, "பல் கொடுத்துவிட்டார்கள். கடிப்பதற்கு இறைச்சி அடுத்த தேர்தலில் வரும்" என்றார். அந்தத் தேர்தலில் மற்ற கட்சி ஜெயித்தது. இறைச்சி அப்போதும் வரவில்லை. அதற்கும் ஒரு பக்கம் எழுதினார்.

எனக்கு அந்தப் புதன்கிழமைகள் பிடிக்கும். பாதியில் நிறுத்தி, "என்ன சொல்கிறாய் அழகுமுத்து?" என்று கேட்பார். நான் ஏதாவது சொல்வேன். சிரிப்பார். சில சமயம் நான் சொன்னது அப்படியே பக்கத்தில் ஏறிவிடும். "என் கிளாக்கர் சொல்கிறார்" என்று அச்சில் பார்த்தபோது எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கவ்வாத்துக்காரன் மகன் சொன்ன பகிடிக்கு, எங்கேயோ ஒரு மழைக்கார ஊரில் வெள்ளைக்காரர்கள் காலைச் சாப்பாட்டு மேசையில் சிரிக்கிறார்கள். அதை நினைத்து நினைத்துப் பார்ப்பேன்.

இனி அம்மாக்கண்ணுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளுடைய அப்பாவும் என் அப்பாவும் ஒரே கங்காணியின் ஆட்களாகக் கப்பல் ஏறி வந்தவர்கள். அதனால் ஆபீசில் என்னை ஐயா என்பாள், வெளியே அண்ணே என்பாள். கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வருகைப் புத்தகத்தில், அவள் நம்பர் நூற்றுப் பதினாலு. நாற்பத்தொன்றில் மண் சரிந்து புருஷன் போய்விட்டான். ஆறு வயதில் நாகலெட்சுமி என்று ஒரு பெண், மூன்று வயதில் ஆண்டியப்பன் என்று ஒரு பையன். மகன் செத்த சேதி கேட்டு, முசிறிப் பக்கத்து ஊரில் இருந்த மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டாள். சாகிறதுக்கு முன்னால் பேத்தியைப் பார்க்கணும் என்று கடுதாசி மேல் கடுதாசி. பையனைத் தங்கச்சி மீனம்மாவிடம் விட்டுவிட்டு, நாற்பத்திரண்டு பொங்கலுக்கு அங்கே போய்ச் சேருகிற மாதிரி அம்மாக்கண்ணு பெண்ணோடு புறப்பட்டாள். மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகப் பேச்சு.

செக்ரோலில் பேர் இருந்தால் வேலை உண்டு, குடியிருக்க லயத்தில் ஒரு காம்பரா உண்டு. இரண்டு மாதம் ஆள் வராவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் காம்பராவும் போச்சு. மீனம்மாவும் சின்னப் பையனும் எங்கே போவார்கள்? அதனால் அவளுடைய கங்காணி செல்லசாமியும் நானும் ஒரு காரியம் செய்தோம். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கிற பெரட்டில் செல்லசாமி "நூத்திப் பதினாலு" என்று கூப்பிடுவார். இன்னும் நம்பர் வாங்காத மீனம்மா "இருக்கேன்" என்று கையைத் தூக்குவாள். நான் புத்தகத்தில் கோடு போடுவேன். தோட்டங்களில் இது புதுசில்லை. பிள்ளை பெறப் போனவர்களுக்கு, நேர்த்திக்கடனுக்குப் போனவர்களுக்கு எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. யாரும் இதைப் பொய் என்று நினைப்பதில்லை.

மூன்று மாதம் பதினாலு மாதமாகிவிட்டது. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். கப்பலில் இடம் கிடைக்கவில்லை. இதற்கிடையில் நாகலெட்சுமிக்கு டைபாய்டு. பிழைக்காது என்று வைத்தியர் கைவிட்டு, தாய் விடாமல் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றிய பிள்ளை அது. பிழைத்தது, ஆனால் கால் வலு இழந்துவிட்டது. மலைக் குளிர் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். சாகப்போகிறேன் என்று படுத்த மாமியாரோ எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையை அவளிடம் விட்டுவிட்டு அம்மாக்கண்ணு தனியாகத் திரும்பி வந்தாள்.

இங்கே என்ன நடந்ததென்றால், அவள் அங்கே இருக்கும்போதே, நாற்பத்திரண்டு கடைசியில் துரை செக்ரோலைப் பார்த்து, ஒரு நாள்கூடத் தவறாமல் வேலைக்கு வந்த ஆள் நூற்றுப் பதினாலாம் நம்பர் என்று கண்டுபிடித்து, பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் ஒரு புதுக் கம்பளி பரிசு கொடுத்தார். மீனம்மா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு அதை வாங்கினாள். செல்லசாமி கங்காணி மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பேனாவைக் கீழே போட்டுவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அது அப்படியே போயிருக்கும். நாடு சுதந்திரம் அடைந்ததும் எங்கள் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று சட்டம் வந்தது. வேண்டுமென்றால் மனுப் போடலாம், ஆனால் இத்தனை வருஷம் தொடர்ந்து இந்த நாட்டில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் மனு விழுந்துவிடும். ஐம்பத்தொன்றில் கடைசி நாளுக்கு முன்னால் அம்மாக்கண்ணுவுக்கும் அவள் மகனுக்குமாக நான்தான் மனு எழுதினேன். எனக்கும் எழுதிக்கொண்டேன்.

"அந்தப் பதினாலு மாசத்தப் பத்தி யார்கிட்டயும் வாயத் தொறக்காத. போனத மறைக்க முடியாது, கேட்டா மட்டும் மூணு மாசம்னு சொல்லு. செக்ரோல் நம்ம பக்கம் இருக்கு" என்றேன்.

"சரிங்கண்ணே. இந்தப் பேப்பரு வந்துட்டா நான் போயி எம்புள்ளயப் பாத்துட்டுத் திரும்பி வரலாந்தானே?"

"வரலாம். அது வர்ற வரைக்கும் மட்டும் கடல் தாண்டாத. போனா திரும்ப விடமாட்டான்."

அவள் தாண்டவில்லை. பெண்ணைப் பார்த்து அப்போதே எட்டு வருஷமாகியிருந்தது. பேப்பர் வரட்டும் என்று ஒவ்வொரு மாசமும் ஆபீஸ் பக்கம் வந்து கேட்டுவிட்டுப் போவாள்.

வாயைத் திறக்காதே என்று அவளுக்குச் சொன்னவன், ஏழு மாதத்தில் தானே திறந்தான்.

ஐம்பத்திரண்டு மாசியில் ஒரு புதன்கிழமை. இங்கிலாந்தில் யுத்தகாலத்து அடையாள அட்டையை ஒழித்துவிட்டார்கள் என்று ரேடியோவில் வந்திருந்தது. துரை குஷியாக இருந்தார். "இனி இங்கிலாந்தில் ஒரு போலீஸ்காரனும் ஒரு நேர்மையான மனிதனை நீ யார் என்று கேட்க முடியாது. இங்கேயோ, யார் யார் என்று சான்று எழுதியே என் வாரம் போகிறது" என்று ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் போனதும் கதை நின்றுவிட்டது. பைப்பும் அணைந்துவிட்டது. "இதற்கு ஒரு நல்ல உதாரணம் வேண்டுமே. என்ன சொல்கிறாய் அழகுமுத்து?"

நான் சொன்னேன். சாகப்போன மாமியார் எழுந்து உட்கார்ந்தது, ஜப்பான்காரன் குண்டு போட்டது, முசிறியில் இருந்த பெண் ஊசிமலையில் ஒரு நாள் தவறாமல் கொழுந்து எடுத்தது, கடைசியில் கம்பளி. கம்பளி வந்ததும் துரை நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அந்தக் கம்பளியை நான் என் கையாலேயே கொடுத்தேன்!" என்று மேசையைத் தட்டினார். ஏமாற்றினோம் என்று கோபப்படுவார் என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. அவர் சிரித்ததும் அந்தப் பயம் போய், இன்னும் இரண்டு பகிடி கூட்டிச் சொன்னேன்.

அவர் சொல்ல நான் அடித்தேன். "ஒரே சமயத்தில் இரண்டு தேசத்தில் இருக்க ஒரு சாதாரணப் பெண்ணால் முடிந்திருக்கிறது. எங்கள் வெளிநாட்டு மந்திரிக்கு ஒரு தேசத்தில் இருப்பதே சிரமமாக இருக்கிறது" என்று வந்தது. இடையில் நிறுத்தி, "அவள் நம்பர் என்ன?" என்றார். பேரைப் போட மாட்டார், அந்த அளவுக்கு அவர் கண்ணியமானவர். "நூற்றுப் பதினாலு" என்றேன். ஒரு நம்பர் மாற்றிச் சொல்லியிருக்கலாம். இருநூறு என்றாலும் அந்த வெள்ளைக்காரர்கள் அதே அளவுதான் சிரித்திருப்பார்கள். அரசாங்கம் பார்க்கிற புத்தகத்தில் பதினாலு மாதம் பொய்க் கோடு போட்டவன், பகிடிக் கட்டுரையில் போய் உண்மையான நம்பரைக் கொடுத்தேன்.

பத்திரிகை வந்தது. "என் கிளாக்கர் சொன்ன கதை இது" என்று தொடங்கியிருந்தது. ஆல்பத்தில் ஒட்டினேன். ஓரம் பிசிறில்லாமல் வெட்டி ஒட்டினேன்.

அடுத்த வருஷம் மகாராணி முடிசூட்டு விழாவுக்கு என்று துரை லீவில் ஊருக்குப் போனார். எட்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினார். கொழும்பில் இறங்கியபோது அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பங்களாக் கதவில் அவர் பெயர்ப் பலகை அப்படியே இருந்தது, சமையல்கார அப்பு பித்தளையைத் துலக்கி வைத்திருந்தான். எனக்கு அப்போது அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஐம்பத்துநாலு ஆவணியில் பிரஜாவுரிமை மனுக்களை விசாரிக்கிற அதிகாரி வந்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், தமிழ் தெரியாது. அமைதியான மனிதர், இருமல் மாத்திரையைச் சப்பிக்கொண்டே வேலை பார்ப்பார். அவர் கேட்பதைத் தமிழில் சொல்வதும் ஆட்கள் சொல்வதை இங்கிலீசில் சொல்வதும் என் பொறுப்பு. அன்று ஆறு மனு. அம்மாக்கண்ணுவுடையது ஐந்தாவது. பழைய செக்ரோலைப் புரட்டினார். நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று, கோடு விடாமல் ஓடியது. "இது சுத்தமாக இருக்கிறது" என்று பைலை மூடினார். அவளை அனுப்பிவிட்டேன். வாசலைத் தாண்டியபோது என்னைத் திரும்பிப் பார்த்து, கைக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். ஆறாவது மனு என்னுடையது.

அதை எடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பேச முடியவில்லை. கொஞ்சம் விடட்டும் என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார். துரை நுவரெலியா போயிருந்தார். பெரிய உத்தியோகத்தர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று தேநீர் வரவழைத்தேன். அதோடு நின்றிருந்தால் போதும். என்னுடைய மனு அவர் பையில் இருக்கிறது, நான் சாதாரண ஆள் இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? பச்சை ஆல்பத்தைக் கொண்டுவந்து வைத்தேன்.

தேயிலை ரேஷனைப் படித்துச் சிரித்தார். பல்லைப் படித்துச் சிரித்தார். "உங்கள் துரை குறும்புக்காரர்" என்றார். என்னால் அடக்க முடியவில்லை.

"இதில் ஒன்று நான் சொன்னது, சார்" என்று சொல்லி, நானே பக்கத்தைப் புரட்டி அந்தப் பத்தியில் விரலை வைத்தேன்.

எப்படி மறந்தாய் என்று கேட்கலாம். நானும் என்னை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அது எனக்கு என் கதை. நான் அச்சில் வந்த கதை. அரை மணி நேரத்துக்கு முன்னால் என் முன்னே நின்று கும்பிட்டுவிட்டுப் போனவளுடைய கதை என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அவர் சிரித்துக்கொண்டே படித்தார். கம்பளியில் சத்தமாகவே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. மேலே போய் மறுபடி படித்தார். பைல் கட்டை இழுத்து ஐந்தாவதைத் திறந்தார்.

"நூற்றுப் பதினாலு" என்றார்.

"அது துரை பகிடிக்கு எழுதினது, சார்."

"நீங்கள் சொன்னது என்றீர்களே, மிஸ்டர் அழகுமுத்து." கோபமாகச் சொல்லவில்லை. "அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள்."

மழையில் நனைந்துகொண்டு வந்தாள். பாதி நிறைந்த கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்து நின்றாள். பேப்பரில் கையெழுத்து வைக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பாள், முகம் அப்படி இருந்தது. நாற்பத்திரண்டில் இந்தியா போனாயா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். போனேங்க, மூணு மாசத்துல வந்துட்டேங்க என்றாள், நான் சொல்லிக்கொடுத்தபடி. அவர் மாத்திரையை வாயில் ஒதுக்கிக்கொண்டார். அங்கே இருந்தபோது எத்தனை பொங்கல் வந்தது என்று கேளுங்கள் என்றார்.

எங்கள் ஆட்கள் மாதக் கணக்கில் பொய் சொல்வார்கள். பொங்கல் கணக்கில் சொல்லத் தெரியாது. அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ரெண்டு பொங்கலுங்க. போன ஒடனே ஒண்ணு. அப்பறம் புள்ள காச்ச விட்டு எந்திரிச்சு மொத மொதலா ஒரு வா சோறு தின்னுச்சே, அந்தப் பொங்கலு ஒண்ணு."

அவர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஒன்று என்று நான் இங்கிலீசில் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் என்னைப் பொய்யன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஆனால் மேசையில் ஆறாவது பைல் என்னுடையது. செக்ரோலில் பொய் எழுதினவன் யார் என்று அவர் இன்னும் கேட்கவில்லை. பயந்துவிட்டேன். "இரண்டு, சார்" என்றேன். சோறு தின்றதை விட்டுவிட்டேன். அவர் கேட்டது எண்ணிக்கையைத்தான்.

அவர் எழுதினார். என் பெயரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. போகும்போது தேநீருக்கு நன்றி சொன்னார். நாலு மாதத்தில் கடுதாசிகள் வந்தன. என் மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவளுடையது தள்ளப்பட்டது. அவளோடு சேர்த்து ஆண்டியப்பனுடையதும்.

துரையிடம் சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே கஷ்டமாகத்தான் இருந்தது. "நான் நல்ல மனதோடுதானே எழுதினேன்" என்று இரண்டு தடவை சொன்னார். மேலதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார், நான் டைப் அடித்தேன். பதில் வரவில்லை. மூன்றாம் வாரம் அவர் மறுபடி இங்கிலாந்து இரயில்வேயைப் பற்றி எழுதத் தொடங்கினார்.

லயத்தில் வேறு விதமாகப் பேசிக்கொண்டார்கள். பதினாலு மாதச் சங்கதியும் செக்ரோல் கணக்கும் சேர்த்துத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். தங்கச்சி சொல்லியிருக்க மாட்டாள். கிளாக்கர் ஐயா மனு எழுதிக்கொடுத்தவர், அவர் சொல்லுவாரா? மிச்சம் செல்லசாமி கங்காணி. அவர்தான் மொட்டைக் கடுதாசி போட்டிருக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அவர் வீட்டு விசேஷத்துக்கு ஆட்கள் போகவில்லை. தண்ணீர் பிடிக்கிற பீலியில் அவர் பெண்சாதியைக் கண்டால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். கோயில் திருவிழாவில் காவடி தூக்க வந்தவரை ஒருவன் முகத்துக்கு நேரே காறித் துப்பினான். செல்லசாமி என்னிடம் வந்து, "ஐயா, நான் ஒண்ணும் எழுதலீங்க, ஒங்களுக்குத் தெரியுமே" என்று அழுதார். தெரியும் கங்காணி, மனசில் வச்சிக்காதீங்க என்று சொல்லி அனுப்பினேன். அப்படித்தான் சொன்னேன், வெட்கமில்லாமல்.

அடுத்த வைகாசியில் நாகலெட்சுமிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதாக முசிறியிலிருந்து கடுதாசி வந்தது. அந்த வாரம் இங்கிலாந்தில் தேர்தல். புதன்கிழமை துரை, "இரண்டு கட்சிக்கும் இருக்கிற ஒரே வித்தியாசம் கோப்பையில் முதலில் பாலை ஊற்றுவதா, தேநீரை ஊற்றுவதா என்பதுதான்" என்று சொல்லி முடித்துவிட்டு, பத்திரிகை ஆசிரியரின் கடிதம் ஒன்றைக் காட்டினார். பழைய கட்டுரைகளைச் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் போடலாமா என்று கேட்டிருந்தார். எல்லோருக்கும் பிடித்தது கம்பளிக் கதைதானாம். நூற்றுப் பதினாலாம் நம்பர் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தார். துரை பைப்பைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டரில் தாளை மாற்றிக்கொண்டிருந்தேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாக்கண்ணு என் குவாட்டர்சுக்கு வந்தாள். கையில் ஒரு துணி மூட்டை.

"அண்ணே, கல்யாணத்துக்கு ஒரு கடுதாசி எழுதணும். இதையும் பார்சல் கட்டிப் போட்டுறணும்."

"என்ன அது?"

"கம்பளிண்ணே. தொர குடுத்தது. மீனம்மா அப்பவே எங்கிட்ட குடுத்துட்டா. ஒரு நா கூடப் போத்தல. எம்புள்ளைக்குக் குளுரு ஆகாதில்ல, அதுக்குன்னு வச்சிருந்தேன்."

பிரித்துக் காட்டினாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின மடிப்பு அப்படியே இருந்தது. நான் தாளை எடுத்து உட்கார்ந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். மகள் நாகலெட்சுமிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் தம்பியும் சுகம். அம்மா கல்யாணத்துக்கு வர முடியாது. வந்தால் திரும்பி இங்கே வர விடமாட்டார்கள். தம்பிக்கு இப்போதுதான் பேர் பதிந்திருக்கிறது, வேலையை விட்டுவிட்டு அங்கே வந்தால் நாங்கள் இரண்டு பேரும் உன் மாமியார் வீட்டு வாசலில் நிற்க வேண்டிவரும். நான் எழுதிக்கொண்டே வந்தேன்.

"அம்மா வராததுக்குக் காரணம் செல்லசாமி கங்காணின்னு எழுதுங்கண்ணே. அவன் எழுதுன மொட்டக் கடுதாசினாலதான்னு எழுதுங்க. அவன் குடும்பம் வெளங்காமப் போகணும்னு தாலி ஏறுறப்ப எம்புள்ள நெனச்சிக்கிடட்டும்."

பேனா ஓடவில்லை. செல்லசாமி என்று எழுதிவிட்டேன். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு கல்யாணப் பெண் தாலி ஏறும்போது, எனக்கு வர வேண்டிய சாபத்தை இன்னொருவனுக்குக் கொடுக்கப்போகிறாள். அதையும் என் கையால் எழுதவேண்டுமா? பேனாவைக் கீழே வைத்தேன்.

"செல்லசாமி எழுதல, தங்கச்சி. யாரும் கடுதாசி எழுதல. நாந்தான் சொன்னேன்."

அவளுக்கு விளங்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். துரையின் பத்திரிகை, புதன்கிழமை, மாமியார், குண்டு, கம்பளி, நம்பர், மழை, ஆல்பம். என் விரலை எங்கே வைத்தேன் என்பதையும் சொன்னேன். ஒன்று என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு என்று சொன்னதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, என்னைத் திட்டமாட்டாளா, செருப்பால் அடிக்கமாட்டாளா என்று இருந்தது. அவள் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த வெள்ளக்காரவுங்க சிரிச்சாங்களா?" என்றாள்.

"சிரிச்சாங்க."

"தொரையும் சிரிச்சாரா?"

"ஆமா."

"எம்புள்ள அப்ப சாகக் கெடந்துச்சே. வாயில ஈ மொச்சுக்கிட்டு, நாலு மாசம் பாயில. அதச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. தெரிந்திருந்தும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். இதையெல்லாம் விளக்க வாயெடுத்து, "இல்ல" என்று மட்டும் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கம்பளியைப் பழைய மடிப்பிலேயே மடித்து, துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, என் மேசை மேல் வைத்தாள். அழவில்லை. கடுதாசியைக் காட்டி, செல்லசாமி பேரை அடிக்கச் சொன்னாள். அடித்தேன். அந்த இடத்தில் என் பேரை எழுதச் சொல்லுவாள் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, அதான் வரலன்னு எழுதுங்க, ஐயா" என்றாள்.